பெயர் சொல்லாமல் ஒருத்தியும் தாண்டாத வாசல்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிட்டங்கியின் வாசற்கங்காணி, சுருளிப்பட்டி ராமுத்தாய் அம்மாள் அவர்கள் பணி நிறைவு பெற்று விடைபெறும் இந்தத் தை மாத நன்னாளில், கிட்டங்கித் தொழிலாளர் யாவரும் கூடி அன்புடன் வாசித்தளிக்கும் மடல். ஆண்டு 1946.

வாசலின் வல்லமையே! வாய்மையின் வார்ப்பே! சுருளித் தண்ணீர் குடித்து வளர்ந்து, சுருக்கிய சொல் எதற்கும் சம்மதியாத செம்மலே! ஏலத்தின் மணம் ஏறிய கையும், ஏச்சுக்கு அஞ்சாத நெஞ்சும், ஏங்கி வந்தவளுக்கு இடம் கொடுக்கும் மடியும் ஒருங்கே கொண்ட எங்கள் அம்மையே! வணக்கம்.

மடல் என்றால் கடமை, கண்ணியம், காலந்தவறாமை என்று அடுக்குவது வழக்கம். அவை உங்களிடம் இல்லாமல் இல்லை. விடியுமுன் கதவு திறந்ததும் நீங்கள், விளக்கேற்றிப் பூட்டியதும் நீங்கள். காய்ச்சல்காரியை நிழலில் உட்கார வைத்து அவள் சுளகையும் சேர்த்துப் புடைத்தவர் நீங்கள். ஆனாலும் எங்கள் கண்ணுக்குள் நிற்பது ஒரு சாயங்காலம். அதைச் சொல்லாமல் உங்களை அனுப்புவதாக இல்லை.

புகழை நேருக்கு நேர் சொன்னால், "போங்கடி, வேலையத்தவளுகளா" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால், வேறு எவளோ ஒரு ராமுத்தாயைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லப்போகிறோம். உட்கார்ந்து கேளுங்கள், அம்மா. புதிதாக வேலைக்கு வந்த கண்ணுகளா, நீங்களும் வெயிலில் நிற்காமல் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்குத்தான் முக்கியமாகத் தெரிய வேண்டியது.

அந்த ராமுத்தாய் குமரியாக இருந்தபோது அண்ணன் ஒச்சாண்டியோடு திருவாங்கூர் மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போனாள். அந்தத் தோட்டத்தில் தமிழாள் ஒருவருக்கும் பெயர் கிடையாது, எல்லோரும் பாண்டி. பாண்டி நாட்டிலிருந்து வந்தவர் என்பதை அப்படி நறுக்கி வைத்திருந்தார்கள். "ஏ பாண்டி" என்று ஒரு குரல் கேட்டால் தோட்டம் முழுக்கத் தலை திரும்பும். அதைக் கேட்டு அவளும் சிரித்தவள்தான். வேலை கொடுக்கிறவன் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று இருந்தவள்தான்.

அடைமழை நாள் ஒன்றில், மேட்டிலிருந்து ஒருவன் ஓடிவந்து, "மரம் சாஞ்சு பாண்டி ஒருத்தன் போயிட்டான்!" என்று கத்தினான். எந்தப் பாண்டி? கத்தியவனுக்கே தெரியாது. குடிசைகளில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார்கள். மனைவி ஓடினாள், தாய் ஓடினாள், தங்கை ஓடினாள். ஓடும்போது ராமுத்தாய் சாமியிடம் என்ன கேட்டாள் தெரியுமா? அது வேறு எவள் வீட்டு ஆளாகவாவது இருக்கட்டும் என்று கேட்டாள். பக்கத்தில் ஓடியவளும் அதையேதான் கேட்டிருப்பாள். மரத்துக்குக் கீழே செத்துக் கிடந்தவன் ஒச்சாண்டி. அப்படி வேண்டிக்கொண்டதற்காகப் பிற்காலத்தில் அவள் தன்னை மன்னித்துக்கொண்டாள். பாண்டி என்ற அந்தச் சொல்லை மன்னிக்கவே இல்லை.

மலையிறங்கி இந்தக் கிட்டங்கிக்கு வந்தாள், வாசற்கங்காணி ஆனாள். இந்த வாசலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவள் வாசலுக்கு வந்து, காய் ஒளித்து வைக்கவில்லை என்று மடியை உதறிக் காட்டிவிட்டு வெளியேற வேண்டும். பெயர் கூப்பிடாமல் ஒருத்தியும் தாண்டக்கூடாது. முதலாளி ஞானசிகாமணி திருட்டுக்குப் பயந்து போட்ட சட்டம் அது. அதையே ராமுத்தாய் மரியாதைக்கு உரிய சட்டமாக ஆக்கிக்கொண்டாள். ஊரும் பேருமாக முழுசாகக் கூப்பிடுவாள். மடி உதறுகிற அவமானம், அந்தப் பெயரைக் கேட்கும்போது பாதி குறைந்துபோகும்.

மூட்டை ஏற்றும் லாரி ஓட்டி வருகிற சாக்கோவை நாங்கள் "ஏ மலையாளம்" என்றுதான் கூப்பிடுவோம். அவள் தடுத்தாள். எங்களில் வாய்த்துடுக்குக்காரியான மொக்கம்மாள் விடவில்லை.

"அவுக மட்டும் நம்மளப் பாண்டின்னு சொல்லலாம், நாம சொல்லக் கூடாதாக்கா?"

"அவுக வாய் நாறுதுன்னா, நீயும் பல்லு வெளக்காம இருப்பியாடி?"

சாக்கோ சிரித்த சிரிப்பில் லாரி குலுங்கியது. அன்றிலிருந்து அவர் சாக்கோ அண்ணன்.

பிறகு சண்டைக்காலம் வந்தது. ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஜெயமங்கலத்து அழகுமலை, காடு மேடெல்லாம் நடந்து பர்மாவிலிருந்து திரும்பி வந்தார். கூடவே அவர் பர்மிய மனைவி. காலில் ஆறாத புண்ணோடு அவர் பின்தெருக் குச்சுவீட்டில் படுத்துவிட, அவள் சுளகு பிடிக்க வந்தாள். அவள் கண்ணையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு, "ஜப்பு" என்றாள் மொக்கம்மாள். ஜப்பானைச் சுருக்கியது. எல்லோரும் பிடித்துக்கொண்டோம். பகை ஒன்றும் இல்லை; வெற்றிலை மடித்துக் கொடுத்த கைதான் அந்தப் பெயரையும் கொடுத்தது. ஆனால், ஜப்பான் விமானம் போட்ட குண்டில் தாயைப் பறிகொடுத்து, அந்தச் சேனைக்குத் தப்பி ஓடிவந்தவளுக்கு, எவனுக்குப் பயந்து ஓடினாளோ அவன் பெயரையே சூட்டியிருக்கிறோமே என்று எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ராமுத்தாய் எங்களை ஏசினாள். உள்ளறையிலிருந்த கணக்கப்பிள்ளை வைகுண்டராஜ்தான் எங்களுக்காகப் பரிந்து பேசினார்: "சும்மா ஆசைக்குக் கூப்பிடுறாக. கூப்பிடச் சுருக்கமா இருக்கு. இதுல என்ன கொறஞ்சு போச்சு, ராமுத்தாயி?"

"ஆசைப் பேரு அவளப் பாத்து வைக்கிறது, ஐயா. ஒரு தேசத்த வெட்டி அவ தலையில கட்டுறது என்ன ஆசை?"

அந்தப் பெண்ணே ராமுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். புருஷனிடம் கற்ற தமிழ் அவளுக்கு. "விடுங்கக்கா. வேலை இருக்கு, சோறு இருக்கு. பேரு போனாப் போகுது."

"பேரு போனா ஆளும் போயிரும், ஆத்தா. நான் பாத்துருக்கேன்."

அதற்குப் பிறகும் நாங்கள் ஜப்பு என்றோம். சாயங்கால வாசலில் மட்டும் ராமுத்தாயின் குரல் அவளுடைய உண்மைப் பெயரை முழுசாகச் சொல்லும். நாங்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்போம். அடுத்த நாளும் சொல்வாள். அதற்கு அடுத்த நாளும்.

ஒருநாள் மத்தியானம் மொக்கம்மாள் தெருக்குழாயடியில் நின்று, "ஏ புள்ள ஜப்பு! கொடத்த எடுத்துட்டு வெரசா வாடி!" என்று கடைத்தெருவே அதிரக் கூப்பிட்டாள். ஒற்றர் பேச்சு ஊரெல்லாம் உலவிய காலம். தேநீர்க்கடையில் இருந்த ஒருவர் காதில் அது விழுந்தது; சாயங்காலம் வாசலில் ஏட்டையா நின்றார், இரண்டு காவலரோடு.

"இங்கன ஒரு ஜப்பான்காரி இருக்காளாமே. வெளிய அனுப்புங்க."

வைகுண்டராஜுக்கு வேர்த்துவிட்டது. உள்ளே பார்த்து, "ஏ ஜப்பு, முன்னால வா" என்றார்.

நாங்கள் கூப்பிட்ட அதே சொல். சுளகுச் சத்தம் அப்படியே நின்றது. அந்தப் பெண் எழப் போனாள். பகை தேசத்தாள் என்று பிடித்துப் போனால் எந்தச் சிறை, எத்தனை காலம் என்று யாருக்குத் தெரியும்? பின்தெருவில் படுத்திருப்பவருக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

ராமுத்தாய் வாசற்படியின் நடுவில் நின்று இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டையா, இது முதலாளி போட்ட சட்டம். பேரு கூப்பிடாம ஒருத்தியும் இந்த வாசலத் தாண்டக் கூடாது. பேரச் சொல்லச் சொல்லுங்க, அனுப்புறேன்."

"அதான் சொன்னாருல்ல? ஜப்பு."

"அப்படி ஒருத்தி இங்கன இல்ல."

ஏட்டையா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருக்குப் பெயர் தெரியாது. வேலை வாங்கினார், அதட்டினார், எங்களுக்காகப் பரிந்துகூடப் பேசினார், பெயர் தெரியாது. ஏட்டையா மொக்கம்மாள் பக்கம் திரும்பினார். "நீதான தெருவுல நின்னு கத்துனவ? யார்டி ஜப்பு? ஆளக் காட்டு."

மொக்கம்மாளுக்கு வாய் அடைத்ததை நாங்கள் பார்த்தது அன்று ஒரு தடவைதான். ராமுத்தாய் அவளை அதட்டவில்லை, கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். மலையில் சேற்றில் ஓடிய அந்த ஓட்டம் ராமுத்தாயின் நெஞ்சுக்குள் மறுபடியும் ஓடியது. எந்தப் பாண்டி, எந்தப் பாண்டி என்று.

மொக்கம்மாள் சுளகைக் கீழே வைத்தாள்.

"மா சேன் மே" என்றாள். ஒருநாளும் அவள் வாயால் சொல்லாத பெயர். சாயங்காலந்தோறும் வாசலில் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கியிருந்த பெயர். "அவ பேரு மா சேன் மே. ஜெயமங்கலத்து அழகுமலை பெண்டாட்டி. பர்மாவுல பொறந்தவ. ஜப்புன்னு சொன்னது நாந்தான், என் திமிருக்குச் சொன்னேன். பிடிக்கணும்னா என் வாயப் பிடிங்க."

மா சேன் மே அழவில்லை. "ஜப்பான்காரன் குண்டுலதான் எங்க ஆத்தா செத்தாக" என்றாள், வேறெதுவும் சொல்லாமல்.

ஏட்டையா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பர்மாவா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மொதல்ல யாரு கேட்டாக?" என்றாள் ராமுத்தாய்.

"சரி, சரி. அந்த பர்மாக்காரியப் போகச் சொல்லு."

"பேரு, ஏட்டையா."

ராமுத்தாயின் கை நிலையை விட்டு இறங்கவில்லை. ஏட்டையா வாயைக் கோணிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி, "மா... சேன்... மே" என்றார். அப்போதுதான் கை இறங்கியது.

அதோடு முடியவில்லை. முதலாளியின் வாசலில் அதிகாரியை எதிர்த்துப் பேசினாள் என்று அவளைக் காய் உலர்த்தும் அறைக்கு மாற்றினார்கள். கணக்கப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் வாசல் திரும்பக் கிடைக்கும் என்றார் முதலாளி. "கேக்குறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல, மொதலாளி" என்று புகைக்குள் நுழைந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வைகுண்டராஜ் வாசலில் நின்று அரைகுறைப் பெயர்களால் எங்களைக் கூப்பிட்டார். ஒருத்தியும் எழவில்லை. கூப்பிட்டது எங்களை இல்லையே! மறுநாளும் எழவில்லை. பிள்ளைகள் தெருவில் நின்று அழுதன; உள்ளே நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். மூன்றாம் நாள் முதலாளி விட்டுக்கொடுத்தார்; ராமுத்தாய் கண் சிவந்து, புகை நாற்றத்தோடு வாசலில் வந்து நின்று முழுப்பெயர் கூப்பிட்டாள். எழுந்தோம்.

அந்த ராமுத்தாய் நீங்கள்தான் என்று ஊருக்கே தெரியும், அம்மா. இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

பெயரில் என்ன இருக்கிறது, சுருக்கமாகக் கூப்பிட்டால் தேய்ந்தா போவார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் களத்து ஓரத்திலும் இரண்டு பேர் நிற்கலாம். அவர்களுக்கு எங்கள் பதில் இது: ஒருவர் தேசத்தை நறுக்கி அவருக்குப் பெயராக வைக்க மாட்டோம், எங்களுக்கு வைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டோம். விளையாட்டுக்கு என்றாலும் மாட்டோம். வேலை போகும் என்றாலும் மாட்டோம். பாண்டி என்று கூப்பிடுகிற தோட்டத்திலும் மாட்டோம், துரை நிற்கிற இடத்திலும் மாட்டோம். இதை இந்த வாசலில் உங்களிடம் கற்றோம். எங்கள் பிள்ளைகள் எங்களிடம் கற்பார்கள்.

கண் ஒளி குன்றாமல், கால் வலி காணாமல், பேரன் பேத்திகள் பேர் சொல்லி அழைக்க, சுருளிச் சாரல் முகத்தில் பட, நீங்கள் நெடுங்காலம் நிறைவாய் வாழ வேண்டும்!

ஒன்று பாக்கி இருக்கிறது, அம்மா. இத்தனை வருஷமும் எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அனுப்பிவிட்டு, கடைசியில் பூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். உங்கள் பெயரை இந்த வாசல் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சட்டம் சட்டம்தான்; பெயர் கூப்பிடாமல் நீங்களும் தாண்டக்கூடாது. நாளையிலிருந்து இந்த வாசலின் கங்காணி மா சேன் மே. அவள் இதோ படியில் நிற்கிறாள். இந்த மடலை வாசித்து முடித்ததும், ஊரும் பேருமாக, தெருக்கோடிக்குக் கேட்கும்படி உங்களைக் கூப்பிடுவாள். கேட்ட பிறகு எழுந்து வாருங்கள். மடி உதற வேண்டாம்.

இங்ஙனம்,
ஒருவர் பெயரும் குறையாமல்,

மா சேன் மே, மொக்கம்மாள், இருளம்மாள், பொன்னாத்தாள், கிருபாவதி, ஞானசெல்வி, லாரி ஓட்டும் சாக்கோ, மூட்டை தூக்கும் பிச்சைமணி, தாமே கேட்டு வாங்கி ஒப்பமிட்ட கணக்கப்பிள்ளை வைகுண்டராஜ், மற்றும் இடம் போதாமல் மடலின் பின்பக்கத்தில் முழுப்பெயரோடு ரேகை வைத்திருக்கும் கிட்டங்கித் தொழிலாளர் அனைவரும்.