இருபத்தோராவது தோட்டா

— அண்ணே, இந்தக் கூர் மூக்குக் குண்டப் பாருங்க. பென்சில் சீவுன மாதிரி என்னா அழகு! இதையே போட்டு அடைச்சுக் குடுங்களேன்.

— அதை வையும், வெங்கடசாமி. அது நீளம். உம்மட துவக்கின்ர மகசீனுக்குள்ள அடங்காது.

— கொஞ்சம் உள்ள அமுக்கிப் போட்டா?

— அமத்தினால் பித்தளைக் கோதுக்குள்ள வெடிமருந்துக்கு இடம் குறையும். குண்டின்ர வளைஞ்ச பக்கம் கோதின்ர வாய்க்குள்ள போனால் பிடிமானமும் இராது. மகசீன் நீளத்துக்குத் தோட்டா அடைக்கிறதெண்டால் குண்டின்ர வடிவைப் பாக்கேலாது, நீளத்தைத்தான் பாக்கோணும். காட்டுக்கை போறவனுக்கு அந்த மொட்டை மூக்கன் போதும்.

— அச்சா. அப்ப இந்த மொட்டையில எந்த டப்பா? இதுவா, அதுவா?

— வெங்கடசாமி.

— சொல்லுங்கண்ணே.

— நீர் குண்டு பாக்க வரேல்லை. உம்மட வானை எடும். என்ர காருக்குக் குறுக்கால விட்டிருக்கிறீர். பத்தேகாலாச்சு. ரானுயியில இருந்து மவுண்ட் வெல்லிங்டன் போய்ச் சேர வேண்டாமே?

— மழை விடட்டும்ணே.

— ஒக்லண்ட் மழை எப்ப விட்டது? பதினொரு மணிக்குத் திவசம் துவங்குது. ஐயர் கிடைக்கேல்லை, சபாரத்தினம்தான் தேவாரம் படிக்கிறார். கதிர்காமநாதன்ர ஆட்டைத் திவசத்துக்கு நான் பிந்திப் போறதே?

— போங்க. நானும் வரேன். சாப்பிட்டுட்டு வருவோம். ஆனா ரதியக்காகிட்ட ஒண்ணும் பேசாதீங்க. நேத்து போன்ல சொன்னீங்களே, அதைப் பேசாதீங்க.

— அதுக்குத்தானே விடிய வெள்ளனவே வந்து வழியை மறிச்சனீர்?

— ஆமா. அதுக்குத்தான்.

— நான் சொல்லத்தான் போறன். ஒரு வருசமா வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பிள்ளை எனக்குச் சோறு போடுறாள். "தவராசா அண்ணை, அவர் இருந்தால் உங்களோடதான் சாப்பிடுவார்" எண்டு கத்தரிக்காய்க் கறியை அள்ளி அள்ளி வைக்கிறாள். எனக்கு அந்தச் சோறு இறங்கிறேல்லை, வெங்கடசாமி. புருசனைச் சாக்காட்டினவனுக்குச் சோறு போடுறன் எண்டு அவளுக்குத் தெரியாது.

— கொன்னது பன்னி, அண்ணே. சத்தியமா பன்னிதான்.

— பண்டியை நிப்பாட்ட இருந்தது ரெண்டாவது வெடி. அது வெடிக்கேல்லை. ஏன் வெடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்.

— உங்களுக்கு என்னா தெரியும்? நீங்க அந்த மலைக்கே வரலியே.

— வராததாலதான் இருவது தோட்டாவை அடைச்சு அவனிட்டைக் குடுத்துவிட்டனான். அவன்ர மகசீனுக்கு அளந்து, ஒவ்வொண்டாத் திரும்ப அளந்து அடைச்சது. இருவதோட கையில இருந்த மொட்டை மூக்குக் குண்டு முடிஞ்சுபோச்சு, உந்த டப்பாவள் பிறகுதான் தபாலிலை வந்தது. பெட்டியை மூடப் போனன், மனம் கேக்கேல்லை.

— ஏன்?

— இருவது எண்டு ரெட்டையாக் குடுக்கிறதோ? கலியாண வீட்டிலயும் நூறாக் குடுக்க மாட்டம், நூற்றொண்டாத்தான் குடுப்பம். நல்லதுக்குப் போறவன், ஒண்டு கூடவா இருக்கட்டும் எண்டு நினைச்சன். கையில மிஞ்சிக் கிடந்தது உந்தக் கூர் மூக்கன். நான் இலக்குப் பாத்துச் சுடேக்கை ஒவ்வொண்டாக் கையால போட்டுச் சுடுற குண்டு. அதிலை ஒண்டை அடைச்சு இருவத்தொண்டாவதா வைச்சன்.

— பன்னி சுடப் போறதுக்கும் மொய் வைப்பீங்களா அண்ணே!

— சிரியாதையும். இதை மகசீனுக்குள்ள போடாதை எண்டு அவனுக்குச் சொல்ல நினைச்சனான். அவன் அவசரமா வந்தான், வெளியில நீர் வானுக்குள்ள இருந்து ஹோன் அடிச்சீர், பெட்டியைக் கையில குடுத்தன். போயிட்டான். சொல்ல மறந்துபோனன். கொஞ்சம்தான் நீளம் கூட. அமத்தினால் உள்ளுக்குப் போகும். மேல ஏறேக்கை முட்டிக்கொண்டு நிக்கும்.

— அண்ணே, போதும்ணே.

— நீர்தானே பொலிசுக்குச் சொன்னீர், துவக்கு சிக்கிப்போச்சு எண்டு? நீர்தானே ரதிதேவிக்கும் சொன்னீர்? செத்த வீட்டில, எனக்குப் பக்கத்தில நிண்டு சொன்னீர். அண்டைக்குப் பிறகு இந்தக் கராஜுக்குள்ள ஒரு தோட்டா அடைக்கேல்லை. அடைக்கிற பிரெஸ்ஸிலை இரும்புக் கறள் பிடிச்சிருக்கு, பாரும்.

— ரதியக்காவுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? நீங்க சொல்லிட்டா அந்த வாசப்படிய மிதிக்க முடியுமா? ரெண்டு புள்ளைங்களையும் நீச்சல் கிளாசுக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க? செத்தவரு எந்திரிச்சா வரப் போறாரு?

— வேண்டாம் எண்டு சொல்லட்டும். முகத்திலை காறித் துப்பட்டும். நான் வாங்கிக்கொள்ளுறன். திறப்பைத் தாரும், வானை நானே எடுக்கிறன்.

— தர மாட்டேன்.

— வெங்கடசாமி, நான் கோவக்காரன் இல்லை.

— அந்த நீளமான தோட்டா மகசீனுக்குள்ள போகவே இல்லண்ணே.

— என்ன?

— போகல. வான்ல வச்சு டப்பாவத் தொறந்தாரு. எண்ணினாரு. அத மட்டும் எடுத்து வெளிச்சத்துல காட்டிச் சிரிச்சாரு. "இது தவராசான்ர கைவியளம்"னு சொல்லிச் சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. பையில பட்டன் போட்டத நான் பாத்தேன்.

— என்ன சொன்னவன்?

— கைவியளம்னு. எனக்கு அர்த்தம் தெரியல. கேட்டா, "பிஜிக்காரனுக்கு விளங்காது, போடா"ன்னாரு.

— அது சித்திரை வருசத்துக்குப் பெரியாக்கள் கையில வைச்சுக் குடுக்கிற காசு. நீர் கேள்விப்பட்டிருக்கேலாது.

— அதான் சொல்றேன். நானா கட்டுன கதை இல்ல.

— அப்ப துவக்கு ஏன் சிக்கினது? நான் அளந்தது பிழைச்சுப்போச்சோ? மற்ற இருவதிலையும் ஏதும்...

— ஒண்ணும் தப்பாகல. உக்காருங்க அண்ணே. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நான் நிண்டுகொண்டே கேக்கிறன்.

— முதல் வெடி பட்டுச்சு. பன்னி சரிவுல உருண்டுச்சு. செத்துடுச்சுன்னு நெனச்சேன். "அந்தக் கட்டைக்குப் பின்னால இரு, நான் கூப்பிட்டா வா"ன்னு சொல்லியிருந்தாரு. நான் கேக்கல. எனக்கு அதுதான் முதல் வேட்டை. கத்திய எடுத்துக்கிட்டுச் சுத்திக் கீழ ஓடினேன். பன்னி எந்திரிச்சு மேல அவரப் பாத்துப் போச்சு.

— பிறகு?

— அவரு போல்ட்ட இழுத்தாரு. சத்தம் கேட்டுச்சு. பழைய கோது வெளிய விழுந்துச்சு, புதுத் தோட்டா ஏறிடுச்சு. பன்னி வந்து அவரு தொடையில முட்டிச்சு அண்ணே. ரத்தம் நிக்கல. என் சட்டையக் கிழிச்சுக் கட்டினேன். நிக்கல. அப்பறம் துப்பாக்கிய எடுத்துத் தொறந்து பாத்தேன். உள்ள உங்க மொட்ட மூக்கன் நேரா, சுத்தமா உக்காந்திருந்துச்சு. அத எடுத்துப் புதருக்குள்ள வீசிட்டுத்தான் ஆளக் கூப்பிட ஓடினேன்.

— வீசினனீர்? ஏன்?

— பயம். பிஜியில ராணுவம் ஆட்சியப் புடிச்சிடுச்சுன்னு லபாசாவுல கடையப் போட்டுட்டு வந்து அஞ்சு மாசம். விசா பேப்பர் ஆபீசுல கெடக்கு. என் வீட்டுக்காரி சவிதா மாசமா இருந்தா. போலீசு கேட்டப்போ வாயில வந்தது அதுதான். சிக்கிருச்சுன்னேன். அது உங்க தலையில வந்து உக்காரும்னு தெரியாது. நேத்து நீங்க போன்ல சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. ராத்திரி பூரா தூங்கலண்ணே.

— துவக்கு சிக்கேல்லை. தோட்டா நல்லா ஏறியிருக்கு. கதிர்காமநாதன் இருநூறு யார் தூரத்தில நிண்ட பண்டியையே விடாதவன். அவன் ஏன் சுடேல்லை? சொல்லும். ஏனடா சுடேல்லை?

— பன்னிக்கு நேர் பின்னால நான் நின்னேன் அண்ணே. "படு, படு"ன்னு ரெண்டு வாட்டி கத்தினாரு. எனக்குக் காலு மடங்கல.