விசிலம்மா ஊதும்வரை

ஆற்றுப் பாலத்தின் நடுக்கால் வெள்ளத்தோடு போனதே, அந்த வருஷம்! கடைத்தெருவில் முதல் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் என் செருப்பு தொலைந்ததே, அதே வருஷம்! மேடையில் இருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற ஆட்டக்காரப் பிள்ளைகளே, அந்த வருஷம்தான் நம் விசிலம்மா உடற்பயிற்சி ஆசிரியையாக, கழுத்தில் விசிலோடு இந்தக் கல்லூரி வாசலில் வந்து இறங்கினார்!

நான் அப்போது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா?

"அண்ணே, கால்பந்துக்குக் கோடு இருக்கு. வாலிபாலுக்கு எங்க? ஓட்டத்துக்கு எங்க?"

"இருக்கறது ஒரே மைதானம்மா."

"கோடு ஒண்ணுதான் போடணும்னு யார் சொன்னா?"

வெள்ளையோடு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று போட்டேன். மழை பெய்த மறுநாள் என் சட்டையைப் பார்த்தால் எல்லா ஆட்டமும் அதில் இருக்கும்!

"பொம்பளை ஊதுற விசிலுக்கா நாம ஓடறது?" என்று ஒருவன் முணுமுணுத்தான். "விசில் ஆம்பளையா பொம்பளையான்னு ஓடி முடிச்சுட்டு வந்து சொல்லு ராசா" என்றார். சாயங்காலம் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது!

ஆட வந்தவர்கள் கொஞ்சம் பேர். விட்டாரா? வாலிபால்காரனைக் குண்டு எறியவிட்டார். குண்டு எறிகிறவளை நீந்தவிட்டார். கேட்டால், "ஒரே ஆட்டம் தெரிஞ்சவனுக்கு ஒரே மாதிரிதான் தோக்கத் தெரியும்" என்பார். கோல்கீப்பரிடம் மட்டும் தனியாகச் சொல்வார்: "பந்து கைக்கு வந்தா கட்டிப்பிடிச்சுப் படுத்துடு. நான் ஊதற வரைக்கும் எந்திரிக்காத." அவன் கையில் விழுந்தது எதுவும் நழுவாது. அதனால் எல்லோருக்கும் அவன் 'பசை'.

அடுத்த வருஷமே வந்தது வினை. "இந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில ஒரு பதக்கமாவது வரலைன்னா மைதானத்துல கட்டடம் எழுப்பிடுவோம்" என்றார் அன்றைய முதல்வர். போட்டி நம் மைதானத்திலேயே. கால்பந்து போச்சு. வாலிபால் போச்சு. மிச்சம் இருந்தது தொடர் ஓட்டம் ஒன்றுதான். அதில் கடைசியாக ஓட விசிலம்மா யாரை நிறுத்தினார்? பசையை!

மூன்றாமவனான வாலிபால்காரன் புயலாக வந்து குச்சியை நீட்டினான். பசையின் விரலில் பட்ட குச்சி வியர்வையில் வழுக்கி மேலே எகிறியது. பசை என்ன செய்தான்? பாய்ந்தான்! அந்தரத்தில் பிடித்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நான் போட்ட நீலக் கோட்டுக்குள்ளேயே குப்புறப் படுத்துவிட்டான்! எல்லோரும் ஓடுகிறார்கள், இவன் படுத்திருக்கிறான்!

"எந்திரிடா! அது பந்து இல்லடா!" என்று கத்தினார் விசிலம்மா. அசையவில்லை. ஊதினார் ஒரு ஊது! துள்ளி எழுந்தான். குச்சியைக் கையில் உயர்த்தி, காலைத் தூக்கினான்.

"உதைச்சுத் தொலைக்காதடா பாவி! ஓடு!"

ஓடினான் ஐயா! குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தகப்பன் மாதிரி குச்சியை நெஞ்சில் அணைத்தபடியே ஓடினான்! மூன்றாம் இடம்! வெண்கலம்! முதல்வரே நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். இறங்கியதும், "கட்டடத்தை மாடி மேல கட்டிக்கலாம்மா" என்றார்.

அந்த வாரமே விசிலம்மா கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஆனார். பிறகு எத்தனை கோப்பைகள்! பெண்களுக்கு ஹாக்கி கொண்டுவந்தது யார்? அறையில் நாற்காலி போடச் சொன்னால், "அதுல உட்கார்ந்தா மைதானம் தெரியாது" என்று ஓய்வு பெறும்வரை ஜன்னலோரம் நின்றே கையெழுத்துப் போட்டது யார்? நம் விசிலம்மா!

போன மாதம், கண்மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "கோடு அழியாம இருக்காண்ணே?" என்றார். இருக்கிறது என்றேன். அந்தக் கோடுகள் மேல் கார் நிறுத்த இடம் கேட்டிருப்பதை என் வாயால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் நிர்வாகக் குழு முடிவு செய்யுமாம்.

அவைக்கு என் வாக்கு இது: கண் மங்கினாலும் நாளைக் காலையில் நான்கு நிறத்திலும் கோடு போடுவேன். கோணலாக இருந்தால் ஓடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்!

அன்று ஓடிய நால்வரில் முதலாமவர் போய்விட்டார். இரண்டாமவரும் போனார். வாலிபால்காரர் போன மழைக்காலத்தில் போனார். தலைவர் அவர்களே, மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். தம்பி, மைதானம் இப்போது உன் கையில் வந்து விழுந்திருக்கிறது. கட்டிப்பிடித்துப் படுத்துவிடு. எழுந்திரு என்று ஊத விசிலம்மா இல்லை. எழுந்திருக்காதே. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான், பசை!