கேட்டருகே ஒரு பீங்கான் நாய்

விருத்தாசலத்தில் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் டிரைவர் டீக்கடையை விட்டு வரவில்லை. எரிச்சலோடு இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

“எங்க வூட்டு பீங்கான் நாயால பால்காரரு உள்ள வரமாட்டேங்குறாருக்கா.”

“பீங்கான் நாயா?”

“காது ஒடஞ்ச பொம்மன்னு கம்பெனில சும்மா குடுத்தாங்க. கேட்டாண்ட வச்சோம், யாரும் திரும்பிக்கூட பாக்கல. எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு எங்க வூட்டுக்காரரு சங்கிலி போட்டுக் கட்டினாரு. அன்னையிலேர்ந்து தெருவே ஒதுங்கிப் போவுது.”

“அய்யய்யோ, வெள்ளிக்கிழம ஒம் பொண்ணப் பாக்க வராங்களே! அவங்களும் பயந்துட்டா?”

“அதுக்குத்தான் நேத்து சங்கிலிய அவுத்துட்டாரு.”

“அப்ப சரியாப் போச்சு.”

“எங்க சரியாப் போச்சு? இப்ப நாங்களே பின்பக்கமாத்தான் போயிட்டு வரோம்.”

“ஏன்டி, அது பொம்மதானே?”

“பொம்மதான். பல்லுக்கு நான்தானே வெள்ள அடிச்சேன், எனக்குத் தெரியாதா? ஆனா கட்டாம கெடக்குதேக்கா!”

அக்கா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பொம்மைக்குப் பயப்படுற குடும்பத்தையா நான் மாப்ள வூட்ல சொல்லி வச்சிருக்கேன்!”

ஒருவழியாக பஸ் கிளம்பியது. வழியில் தன் ஊரில் இறங்கிய அக்கா ஜன்னலருகே வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழம அவங்கள இட்டுக்கிட்டு வரேன். நாங்க வர்றப்ப மட்டும் நாயப் புடிச்சிக்க.”