மெம்பருக்காக ஒரு யாசீன்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். திடீரென்று இளையவள் குரலை உயர்த்தினாள்.

"நம்மட பிரதேச சபை மெம்பர் மறியல் வீட்டால வெளிய வரணுமாம். அவர்ட வீட்டுல குர்ஆன் எடுத்து யாசீன் ஓத என்னையும் கூப்பிட்டாங்க ராத்தா!"

"உன்னையா? உன்ட மனிசன அடிச்ச டிப்பர் லொறி அவர்ட மச்சான்டதானே?"

"ஓம். வழக்கு நடக்கக்குள்ள இந்த மெம்பர் நீதவானுக்கே போன் கோல் எடுத்து, 'நம்மட ஆள், கொஞ்சம் பார்த்து முடிங்க' எண்டிருக்கார். நீதவான் அத கோட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டார். நீதிமன்றத்த அவமதிச்சதெண்டு ஆளையும் உள்ள போட்டுட்டார்."

"நல்ல வேலை செஞ்சார்."

"ஊருல அப்பிடியா கதைக்காங்க? ரோட்டுப் போட்டுத் தந்த மனிசனாம், அவர நான்தான் மறியலுக்கு அனுப்பினேனாம். நானா கோல் எடுக்கச் சொன்னேன்? அவர்ட பொஞ்சாதி என்ட வாசல்ல வந்து நிண்டு, 'நம்மட ஊராளுக்காக எல்லாரும் ஓதுவம்' எண்டு அழுறா. என்ட மனிசன் கால் முறிஞ்சி கட்டில்ல கிடக்கார். அவருக்காக ஓத ஒருத்தரும் வரல்ல!"

நிந்தவூரில் இறங்குவதற்காக இருவரும் எழுந்தார்கள்.

"அப்ப நீ போகல்லதானே?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஏன் போகாம? போனேன். அவட வீட்டு நடு ஹோல்ல இருந்து முழு யாசீனையும் ஓதினேன். ஓதின நிய்யத்த மட்டும் மனசுக்குள்ள என்ட மனிசன்ட காலுக்கு வெச்சிட்டு வந்தேன்."