வழியனுப்பும் ஆலாத்தி

— என்னைப் போயாடா கேக்கறே, முகுந்தா? தாலி அறுத்தவ நான். பெத்த பிள்ளையையும் மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தவ. நான் ஆலாத்தி எடுத்து இன்னொருத்தி பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பணுமா?

— ஆர்மி கேம்ப்ல சொல்லி அனுப்பினாங்க ஆன்டி. ஞாயித்துக்கிழமை காலையில கோயில்ல பூசை. புதுசா போற நம்ம பையனுங்க எல்லாம் வரிசையா நிப்பாங்க. லோகனைப் பெத்த உங்க கையால ஆலாத்தி எடுத்தா நல்லா இருக்கும்னு ஆபீசர் சொல்றாரு. நம்ம தொகுதி எம்பி ஒய்பி வர்றாரு, டிவி வருது...

— டிவியில நான் அழுதா பார்க்க நல்லா இருக்குமோ?

— ஐயோ, அப்படி இல்ல லா.

— வேற எப்படி? போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல அட்டையைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், தெரியும்ல? ‘இனிமே ஒரு ஆளையும் அனுப்பாதே’ன்னு எழுதி. போற வர்ற கார் எல்லாம் ஹார்ன் அடிச்சுது. சீனக் கிழவர் ஒருத்தர் தண்ணி போத்தல் வாங்கிக் கையில குடுத்துட்டு, ஒண்ணுமே பேசாம போனாரு. கடல் தாண்டி நடக்கற இந்தச் சண்டை யாருக்குடா வேணும்?

— யாருக்கும் வேணாம் ஆன்டி. கேம்ப்லயே யாருக்கும் வேணாம்.

— அப்புறம் என்ன எழவுக்கு இன்னும் ஆள் அனுப்பறாங்க?

— முன்ன போனவங்க பத்தலையாம்.

— பத்தலையா? என் பிள்ளை பத்தலையா அவங்களுக்கு?

— ஆன்டி... கொப்பி ஆறிப்போகுது, குடிங்க. வாசல் கேட்டு வேற திறந்தே கிடக்குது. கிள்ளான்ல இப்ப திருட்டு ஜாஸ்தி, பூட்டி வைங்க.

— பூட்டமாட்டேன். லோகனோட மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குதுடா. பாசார்ல மீன் வாங்கிக்கிட்டு இருப்பேன், பின்னால கேக்கும். சோத்துல கை வைப்பேன், வாசல்ல கேக்கும். எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா பக்கத்து வீட்டு நாய்தான் நிக்குது. பைத்தியம்னு நினைக்கிறியா?

— இல்ல ஆன்டி.

— பெட்டியைத் திறக்கவே கூடாதுன்னுட்டாங்களே. மூஞ்சியைப் பார்க்காம ஒரு தாய் எப்படிடா நம்புவா? ஒண்ணாப் படிச்சு, ஒண்ணா ஆர்மியில சேர்ந்தவன் நீ. ஏர்போர்ட்ல நீதான் பெட்டியைத் தூக்கினே. சொல்லு, உள்ள என் பிள்ளைதானா?

— லேசா இருந்திச்சு ஆன்டி.

— ஐயோ, முருகா!

— பெரிய உடம்பு அவனுக்கு. கால்பந்து விளையாட்டுல அடிபட்டப்ப ஒருக்கா முதுகுல சுமந்திருக்கேன், மூச்சு வாங்கிடுச்சு. அன்னிக்கு... ஒண்ணுமே தூக்காத மாதிரி இருந்திச்சு. இப்ப கேம்ப்ல எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் பாதியில இறக்கி வச்சிடறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

— அடப்பாவி, இதையெல்லாம் உள்ள வச்சிக்கிட்டா திரியறே? இப்படி வா, கிட்ட உக்காரு. அழு, பரவாயில்ல. என் வயிறு எரியறது போதாதுன்னு உன்னையும் பிடிச்சு ஆட்டுதா?

— தூங்கி ரொம்ப நாளாச்சு ஆன்டி.

— நீயும் போறியாடா?

— இல்ல. இதுக்கு ஆர்டர் கிடையாது, பேர் குடுத்தவங்க மட்டும்தான் போறாங்க. நான் குடுக்கல.

— அந்த மட்டும் புத்தி இருக்கே. போய் உன் ஆபீசர்கிட்ட சொல்லு. ஆலாத்தி நல்லது நடக்கணும்னு எடுக்கறது. நான் தட்டோட எதிர்ல வந்து நின்னாலே பெத்தவளுங்களுக்கு ஈரக்கொலை நடுங்கிடும். பொட்டு வைக்க நான் விரலை எடுக்கறதுக்குள்ள, பிள்ளையைத் தரதரன்னு வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவாளுங்க. ஆபீசருக்கு நம்ம சாத்திரம் என்ன தெரியும்? எந்தக் கூறுகெட்டவன் அவர்கிட்ட என் பேரைச் சொன்னான்?

— நான்தான் ஆன்டி.

— என்னது?

— நான்தான் சொன்னேன். என் தம்பி வேலா பேர் குடுத்திட்டான். லோகன் அண்ணனுக்குப் பதில் நான் போவேன்னு நிக்கிறான். நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கல. எங்க அம்மாவோ, ‘நாட்டுக்காகப் போறான்’னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அம்மா ஒரு சொல் சொன்னா நின்னுடுவான். ஃப்ளைட் ஏறற வரைக்கும் பேரைத் திருப்பி வாங்கிக்கலாம்.

— ஆலாத்திக்கு நான் ஆகாதவள்னு தெரிஞ்சே கூப்பிட வந்தியா?

— ஆமா ஆன்டி. செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா அம்மாவை முன்வரிசையில உக்கார வைக்கறேன், முதல்ல வேலாவுக்கு எடுங்க.

— உங்க அம்மா மட்டும் எதுக்குடா? போறவன் ஒவ்வொருத்தனோட அம்மாவையும் முன்வரிசையில உக்கார வை. நான் வரேன்.