பத்து வரைக்கும் எண்ணுங்க

இரவு மணி இரண்டு இருபது. இரண்டு பக்கமும் பூட்டிய குடோன்கள், நடுவே ஆளில்லாத நீளச் சாலை. நாய்கூடக் கிடையாது. சைக்கிள் செயின் சத்தம் மட்டும்... கிறீச்... கிறீச்... அந்தச் சத்தத்தோடுதான் ஐஸ்காரர் தினமும் வீடு திரும்புவார்.

என் தங்கை வீட்டுக்காரருடைய கூட்டாளி அவர். ஐஸ் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டு மெஷின் பார்ப்பவர். குளித்தாலும் சட்டையில் அமோனியா வாடை போகாது. சிரிக்காதீர்கள், நல்ல மனுஷன்.

ஒரே பெண் குழந்தை, நாலு வயது. தூங்கினால் குறட்டை, நடுவில் மூச்சு நின்றுவிடும். டான்சில் வீங்கித் தொண்டையை அடைக்கிறது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குறட்டை போய்விட்டது. மூச்சு நிற்பது மட்டும் போகவில்லை.

"சில பிள்ளைங்களுக்குச் சரியாக நாளாகும். ராத்திரி பக்கத்துல இருங்க. மூச்சு நின்னா பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்பவும் வரலேன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றார் டாக்டர்.

புருஷனும் பெண்டாட்டியும் முறை போட்டுக்கொண்டார்கள். அவர் வரும்வரை அவள். வந்தபிறகு அவர். உள்ளறையில் விளக்கு போடக் கூடாது, பேசக் கூடாது, பாப்பா விழித்துக்கொண்டால் விடியும்வரை அழுகைதான். அதனால் அவர் வந்து உட்கார்ந்ததும் அவள் சத்தமில்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் படுத்துவிடுவாள். அந்த இருட்டும் அந்தப் பேசாமையும்தான் வினையாகிப் போனது.

ஒரு மாதம் இருவரும் தூக்கமில்லாமல் துரும்பாகிப் போனார்கள். பிறகு ஒரு பதினோரு நாள்... எல்லாம் திடீரென்று சுலபமானது. பாப்பா முகம் தெளிந்தது. இவர்களும் நன்றாகத் தூங்கினார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் கேட்டாள்.

"ஏங்க, இப்பல்லாம் ஷிப்டு சீக்கிரம் முடிஞ்சிடுதா? நேத்தும் ஒன்றரைக்கே வந்து உக்காந்துட்டீங்க."

"ஒன்றரைக்கா? மெஷின் மக்கர் பண்ணி மூணுக்குத்தான் கிளம்பினேன். வந்து பாத்தா நீதான் உக்காந்திருந்தே. போய்ப் படுன்னு கையைக்கூட ஆட்டினியே. பத்து நாளா அப்படித்தானே? பாவம், நீயே பாத்துக்கிறேன்னு நான் முன்னறையில படுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அது பாப்பா நெஞ்சுல கை வச்சிருந்துச்சுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று அவர் லீவு போட்டார். இருவரும் பாப்பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. ஒன்றரை ஆனது, யாரும் வரவில்லை. இரண்டும் ஆனது.

இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது. அவர் எண்ணினார். பத்து... ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வரவில்லை. தூக்கி உலுக்கினார், முதுகில் தட்டினார். இருபது... இருபத்தைந்து... பாப்பாவின் உதடு நீலம் பாய்ந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, பிள்ளையைப் பாயில் கிடத்தினாள், விளக்கை அணைத்தாள், புருஷன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பெற்ற வயிறு எப்படித் துணிந்ததோ, நான் அறியேன்.

உள்ளே பாய் சரசரத்தது. யாரோ உட்காருகிற மாதிரி. பழைய பஞ்சும் ஸ்பிரிட்டும் கலந்த ஆஸ்பத்திரி வாடை கதவிடுக்கில் வந்தது. பிறகு... பாப்பா இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

சும்மா இருந்தார்களா? ஆஸ்பத்திரியில் ஓரிரவு சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இவர்கள் இருவரும் வெளியே வராந்தாவில்தான் இருந்தார்கள்; வார்டில் பாப்பா பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த அம்மா யார் என்று நர்சு கேட்டாளாம். வீட்டை மாற்றினார்கள். அங்கேயும் அப்படித்தான்.

இப்போது தினமும் ஒன்றரைக்கு இவர்களே எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே மூச்சு நின்றதும் கதவில் காதை வைத்து, திரும்ப வரும்வரை இருவரும் எண்ணுகிறார்கள். வேறு என்ன செய்வார்கள், சொல்லுங்கள். நேற்று சாயங்காலம் ஐஸ்காரரைப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்றேன். நன்றாக இருக்கிறாள் என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"முன்னெல்லாம் அது பத்துலயே திருப்பிப் படுக்க வச்சிடும்... போன வாரம் முப்பது ஆச்சு" என்றார். "நேத்து ராத்திரி எழுபது வரைக்கும் எண்ணினோம்."