கொரீனுக்குப் பொருத்தம் பாத்தப்போ

எனக்கு வேண்டாம்மா. அம்பத்தெட்டு வயசாச்சு, உங்க ஃபாரத்துலயே போட்டிருக்கே, நாப்பதுக்கு மேல எலும்பு மஜ்ஜ எடுக்க மாட்டோம்னு. இடுப்பு வலிக்குது, சும்மா கொஞ்சம் உக்காந்துக்கறேன். நீ பாட்டுக்கு வர்றவங்க கன்னத்துல பஞ்சத் தேய்ச்சு எடு.

மஜ்ஜ பொருந்துதான்னு பாக்க அப்பல்லாம் ரத்தம்தான் எடுப்பாங்க. ஆமா, எங்க வீட்லயும் ஒருத்தி. என் தங்கச்சி, கொரீன். பத்தொம்பது வயசுல ரத்தப் புத்துநோய்.

டுவெய்ன்னு ஒருத்தன், மொதல்ல என்னப் பாக்கத்தான் வந்துட்டிருந்தான். ஒரு குளிர்காலம் பூரா, உறைஞ்ச ஏரியில ஓட்ட போட்டு மீன் புடிச்சிருக்கோம், நானும் அவனும். ஒரு ஞாயித்துக்கெழம என்னக் கூட்டிட்டுப் போக வந்தவன், நான் பூட்ஸ் மாட்டிட்டு வர்றதுக்குள்ள கொரீன்கிட்டப் பேச ஆரம்பிச்சுட்டான். அன்னிக்கு மூணு பேரும் போனோம். அடுத்த வாரம் அவங்க ரெண்டு பேரு மட்டும்.

ஆறு மாசத்துல அவளுக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சுது. ஓடிருவான்னு நெனச்சேன். ஏன் மறைக்கணும், காத்துக்கிட்டே இருந்தேன். ஓடல. சுரங்கத்துல வேல முடிஞ்ச கையோட அவளக் கூட்டிக்கிட்டு மினியாபொலிஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் நாலு மணி நேரம் ட்ரக் ஓட்டுவான். வாந்தி எடுக்க அவ மடியில காலி ஐஸ்க்ரீம் வாளி. வழியில நிறுத்தி அவனே கழுவுவான், மூஞ்சி சுளிக்க மாட்டான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனவன்தான்.

அக்டோபர்ல கல்யாணம்னு முடிவு பண்ணாங்க. துணிக்கடையில ஆல்டரேஷன் பாத்துட்டு இருந்தேன் நான், அதனால கவுன் தைக்கிறது என் தலையில. வாரா வாரம் எளைச்சுப் போவா, வாரா வாரம் புடிச்சுத் தைக்கணும். ஒருநாள் நாற்காலி மேல நின்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொல்றா, பெவ், நீ அவனப் பாக்குற பார்வ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியான்னு. என் வாயில குண்டூசி. நான் செத்தாக்கூட உன்கிட்ட வரமாட்டான், அவன்கிட்டயே கேட்டுட்டேன்னு சொன்னா. ஊசியத் துப்பிட்டு, என்ன சொன்னான்னு கேட்டேன். சிரிச்சா. உன் பக்கத்துல உக்காந்திருந்தா பஸ்ஸுக்குக் காத்துட்டு இருக்கிற மாதிரி இருக்குமாம்.

தலையில ஒரு முடி இல்ல, கண்ணுக்குக் கீழ கறுப்பு. அப்பவும் அழகாத்தான் இருந்தா, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் திரும்புன்னு சொல்லி இடுப்புல ஊசியக் குத்துனேன். துணியிலதான்.

அந்தப் புள்ள நிக்குது பாரு, பேர எழுதிக்க.

ரத்தமா? எல்லாரும் குடுத்தோம். கூடப் பொறந்தவளோடது பொருந்த வாய்ப்பு அதிகம்னாங்க, நான்தான் மொத ஆளாப் போய்க் கைய நீட்டினேன். டுவெய்ன் என் இன்னொரு கையப் புடிச்சுக்கிட்டான். அதுக்காகத்தான் போனேன்னே வச்சுக்கோயேன்.

யாரோடதும் சேரலன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கல்யாணம் நடந்துச்சு. நடந்து வர அவளுக்குத் தெம்பு இல்ல, டுவெய்ன் தூக்கிட்டு வந்தான். ஊரே அழுதுச்சு. பிப்ரவரில போயிட்டா. கடைசி வாரம் அவனத் தவிர யாரையும் உள்ள விடல, என்னயும்தான்.

மண்ணு உறைஞ்சு கெடந்துது, குழி தோண்ட முடியல. பெட்டியக் கல்லறைத் தோட்டத்து ஷெட்டுல வச்சுப் பூட்டிட்டாங்க, ஏப்ரல் வரைக்கும். அவன் தெனமும் அந்தக் கதவு முன்னாடி போய் நிப்பான். நான் ஃப்ளாஸ்க்குல காபி எடுத்துட்டுப் போவேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு என்னக் கட்டிக்கிட்டான். வந்தானா இல்லியா? சில நேரம் அவளக் கூப்பிட்டுச் சொல்லணும்போல இருக்கும்.

நல்ல மனுஷன். ரெண்டு பசங்க எங்களுக்கு. இப்பவும் யாராவது வீட்டுக்கு வந்தா சொல்லுவான், இவளோடது மட்டும் பொருந்தியிருந்தா எலும்பையே கழட்டித் தங்கச்சிக்குக் குடுத்திருப்பா பெவ்னு. அந்த மனசப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்னு பசங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கான்.

பொருந்துச்சும்மா. முழுசாப் பொருந்துச்சு. நாற்காலி மேல நின்னு அவ அந்தப் பேச்சுப் பேசின மறுநாள் டாக்டர் கூப்பிட்டாரு, ஃபோன எடுத்தது நான்தான். அவரு குரல்ல அவ்ளோ சந்தோஷம். வேண்டாம்னேன். வீட்ல சொல்லிருவீங்களான்னு கேட்டேன். அது உன் விருப்பம்மா, பொருத்தமான ஆள் கெடைக்கலன்னுதான் நாங்க சொல்லுவோம், யோசிச்சுட்டு நாளைக்குக் கூப்பிடுன்னாரு. கூப்பிடல. அவரே கூப்பிட்டாரு, ரெண்டு தடவ. காரணமாவது சொல்லேம்மான்னு கேட்டாரு. ஊசின்னா பயம்னேன்.

பயமெல்லாம் ஒண்ணும் இல்ல.